டிராக்டர் வாருகோல்: தேர்வும் பயனும்

உழுத நிலத்தில் கல்லும் வேரும் கிடந்தால் விதைப்புக் கருவி பழுதுறும். அவற்றை வாரி ஒதுக்கவே டிராக்டர் வாருகோல். கொடுங்கையூருக்கு அருகே செம்பியத்தில், 1960-இல் தோன்றிய டாபே நிறுவனம் செய்த மாஸி பெர்குசன் டிராக்டர்களைப் போல, மும்முனை இணைப்புடைய வண்டி இதற்கு வேண்டும்.

வாங்குமுன் இரண்டைக் கவனிப்போம். இணைப்பு முளைகள் ஒத்திருக்க வேண்டும்: கீழ்முளை முதல் வகைக்கு 22 மில்லிமீட்டர், இரண்டாம் வகைக்கு 28. சாய்த்து வைத்தாலும் வாருகோல் பின்சக்கரத் தடங்களை மறைக்க வேண்டும்.

வாருகோல் கலப்பையன்று. முதலில் நிலத்தை உழுது இளக்குவோம். பின்னர்ப் பல்நுனி மண்ணைத் தொடுமளவே இறக்கி, மெதுவாக ஓட்டுவோம். நேராக வைத்தால் கல் திரளும். சாய்த்தால் ஓரமாக ஒதுங்கும். திரும்பும்போது தூக்கிவிடுதல் அவசியம். ஆழ அழுத்தினால் வளமான மேல்மண்ணும் கல்லோடு போய்விடும்.

ஊராட்சி ஒன்றை வாங்கி வாடகைக்கு விடின், சிறு விவசாயியும் பயனடைவார்.