'டப் டப்' ஆம்ப்ளிஃபயர்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். பழைய ரேடியோவில் கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. எல்.எம்.386 ஐசியும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்து, மொபைலில் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபயர் செய்தேன். வால்யூமைக் கூட்டினால் பாட்டு போய் 'டப் டப் டப்' என்று படகு இன்ஜின் மாதிரி அடிக்கிறது. "அது பொம்மை, டி.டி.ஏ.2030 போடு" என்கிறார் கடைக்காரர். கரண்ட்டில் கை வைக்காதே என்கிறார் அம்மா. மொபைலும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

– கா. செ., நாகப்பட்டினம்

பதில்: தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். உலர்ந்த கையில் 9 வோல்ட் ஷாக் அடிக்காது. ஐசியும் நன்றாகவே இருக்கிறது. செத்த ஐசி டப் டப் என்றுகூட அடிக்காது. மொபைலுக்காக ஒரே ஒரு எச்சரிக்கை: இடது, வலது ஒயர்களை நேராக முறுக்கி ஒன்றாக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டு, அதன் பிறகு சேருங்கள்.

படகு என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்தக் கோளாறுக்குத் தொழிலில் பெயரே 'மோட்டார் போட்டிங்'தான். சின்ன 9 வோல்ட் பேட்டரியின் உள்தடை அதிகம். பாட்டில் ஒரு மேளச் சத்தம் வந்ததும் ஐசி கரண்ட்டை இழுக்கிறது, பேட்டரியின் வோல்ட் சரிகிறது. அந்தச் சரிவு ஐசியின் முதல் கட்டத்துக்குள் புகுந்து, அதுவும் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. மறுபடி சரிவு, மறுபடி 'டப்'.

மருந்து மலிவு. 6-வது பின்னுக்கும் கிரவுண்டான 4-வது பின்னுக்கும் நடுவே, ஐசியை ஒட்டியே, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வையுங்கள். நாலு அங்குல ஒயர் இழுத்துத் தள்ளி வைத்தால் பலன் குறையும். 7-வது பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். 5-வது பின்னிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 220 மைக்ரோஃபாரட் போட்டிருப்பீர்கள். அதே பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் தொடராக இருக்கிறதா என்று பாருங்கள். பலர் 'இது எதற்கு' என்று விட்டுவிடும் ஜோடி அது. காதுக்கு எட்டாத அலைவை அடக்குவது அதுதான். பேட்டரியை மாற்றி, ஆறு பென்சில் செல்களைத் தொடராகப் போடுங்கள்.

இன்னொரு சந்தேகம். 1, 8 பின்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அது இருந்தால் கெயின் (பெருக்கும் மடங்கு) 200, இல்லாவிட்டால் 20. மைக்குக்கு 200 வேண்டியிருக்கலாம். மொபைலுக்கு 20 தாராளம். பத்தில் ஒரு பங்கு வோல்ட்டைச் சற்றுத் தாண்டினாலே ஐசி தன் முழு பலத்தைக் காட்டிவிடும். மீதியை 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. டி.டி.ஏ.2030 நல்ல ஐசி, 14 வாட் வரை தரும். ஆனால் அந்தப் பலத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் (சூடு தணிக்கும் தகடு) எல்லாம் வேண்டும். அங்கே அம்மாவின் பயம் நியாயமானது. உங்கள் ஸ்பீக்கரும் தாங்க வேண்டுமே! எல்.எம்.386 இதே 9 வோல்ட்டில் ஏறக்குறைய அரை வாட் தரும். சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வாட் பத்து மடங்காக வேண்டும். அரை வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்குப் போனாலும் 'இரண்டு மடங்கு கூடியிருக்கு' என்றுதான் சொல்வீர்கள், பத்து மடங்கு என்றல்ல. ஓர் அறைக்கு உங்களுடையதே போதும். முதல் ஆம்ப்ளிஃபயருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சத்தம் உண்மையில் எங்கே வீணாகிறது தெரியுமா? ஸ்பீக்கரை மேஜைமேல் வெறுமனே மல்லாத்தி வைத்திருப்பீர்கள். கோனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அழித்து, கீழ்ச்சுருதி காணாமல் போகும். ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் கோன் அளவுக்கு வட்டம் வெட்டி, உள்ளிருந்து ஸ்பீக்கரை ஒட்டி, மூடியைப் போட்டுக் கேளுங்கள். தபலாவின் இடதுகைச் சத்தம் அப்போதுதான் வரும்.

பேட்டரியை மாட்டும் முன் பிளஸ், மைனஸை இரண்டு தடவை பாருங்கள். நான் அவசரத்தில் மாற்றி மாட்டிய ஐசியின் நாற்றம் ஒரு நாள் முழுக்க அறையில் இருந்தது.