ஓப்பன்டாக்: திறக்க ஆளில்லாமல் போன ஆவணம்

போனில் ஒரு வேர்டு ஃபைலைத் திறக்கிறீங்க. எழுத்தெல்லாம் சரியா வருது. நடுவில் இருந்த எக்செல் அட்டவணை மட்டும் தொட்டால் அசையாமல் படம் மாதிரி நிற்கும். கவனிச்சிருக்கீங்களா? எழுத்து, படம், அட்டவணை என ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த ஃபைலுக்குக் கூட்டு ஆவணம் என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் திருத்த, அதற்குரிய மென்பொருள் வேண்டும். அதுதான் சிக்கல்.

இதற்கு 1990களில் ஆப்பிள் ஒரு வழி கண்டது. ஐபிஎம்மும் கூடச் சேர்ந்தது. பெயர் ஓப்பன்டாக். பெரிய மென்பொருள் ஒன்றையே வாங்காமல், எழுத ஒரு சிறு பகுதி, வரைய ஒன்று, கணக்குக்கு ஒன்று என வேண்டியதை மட்டும் வாங்கலாம். படத்தைத் தொட்டால் மேலே உள்ள மெனு படத்துக்கான மெனுவாக மாறிவிடும். அதே அடிப்படையில் 1996-ல் வந்த சைபர்டாக், இணையப் பக்கத்தையே ஆவணத்துக்குள் பதிக்க விட்டது. நல்ல யோசனைதான், சொல்லப்போனால் காலத்தை முந்தியது.

ஆனால் நினைவகத்தை நிறையத் தின்றது. மைக்ரோசாஃப்டின் ஓஎல்இ ஏற்கெனவே பரவியிருந்தது. முழு மென்பொருள் விற்றுப் பிழைக்கும் கம்பெனிகளுக்குத் துண்டு துண்டாக விற்பதில் என்ன லாபம்? நஷ்டத்தில் தவித்த ஆப்பிள் 1997 மார்ச்சில் இதைக் கைவிட்டது. இரண்டு மாதம் கழித்து, மென்பொருள் உருவாக்குவோர் மாநாட்டில் ஒருவர் இதைக் கோபமாகக் கேட்டார். பயனாளருக்கு என்ன கிடைக்கும் என்பதில் தொடங்கித்தான் தொழில்நுட்பத்துக்கு வர வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பதில் சொன்னார். சரியான பதில்தான். ஆனால் ஓப்பன்டாக்கை நம்பிச் சேமித்தவர்களின் ஃபைல்களுக்கு அதில் விடையில்லை. பகுதியைத் திறக்கும் மென்பொருள் போய்விட்டால், ஃபைல் இருந்தும் திருத்த முடியாது.

அதனால் முக்கியமான வேர்டு, எக்செல் ஃபைல்களுக்கு ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்து வைங்க. ஆண்ட்ராய்டில் ‘பிரிண்ட்’ போய் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்தால் போதும். மூல ஃபைலை அழிக்காதீங்க. திருத்த அதுதான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்த சான்றிதழை மட்டும் இப்படி மறுபடி பிரிண்ட் செய்து சேமிக்காதீங்க. பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே கையொப்பம் போயிருக்கும். டவுன்லோடு ஆன ஃபைலையே அப்படியே இரண்டு இடத்தில் வைங்க.