மீட்கப் போனவரின் மனத்தையும் மீட்போம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபின், காணாமற்போனவர்களைத் தேடிக் குமரி மாவட்ட மீனவர்களே கடலில் இறங்கினார்கள். அவர்களைப் போலவே தீயணைப்பு வீரர்களும் முன்னாள் ராணுவத்தினரும் கண்ட காட்சிகள் பல ஆண்டுகள் கழிந்தும் உறக்கத்தைக் கெடுக்கலாம். இதற்குக் குமரிக் கடற்கரை ஊரான இனயத்தில் வீட்டிலிருந்தபடியே போனில் மனநல ஆலோசனை பெற முடியும்.

● கெட்ட கனவு, திடீர்ப் படபடப்பு, காரணமில்லாத கோபம், கடலைப் பார்க்கவே தயக்கம் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் உதவி கேளுங்கள். இந்த அறிகுறிகள் கோழைத்தனம் அல்ல. சிகிச்சையால் குறையக்கூடிய பாதிப்பு.

● 14416: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் மனநலத் தொலைபேசிச் சேவை. கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

● தனியறையோ அமைதியான வேறு இடமோ பார்த்துப் பேசுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். இயர்போன் இருந்தால் நல்லது.

● நடந்ததை முழுவதும் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. உறக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரை பற்றி மறைக்காமல் சொல்லுங்கள்.

● பேச்சுக்கு நடுவே பதற்றம் கூடினால், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.

● உறக்கத்துக்காக மதுவை நாடாதீர்கள். அது உறக்கத்தை மேலும் கெடுக்கும்.

● வீட்டாரே, "எல்லாம் மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

● உயிரை மாய்க்கும் எண்ணம் தெரிந்தால் தனியே விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.