ராட்டை போய்ச் சக்கரம் வந்த கதை

ஆகஸ்ட் நெருங்கினால் போதும், தேசியக் கொடியைப் பற்றி வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் தவறாமல் வருவது, பிங்கலி வெங்கையா வரைந்த கொடியைத்தான் இன்றும் ஏற்றுகிறோம் என்பது.

பாதிதான் சரி. 1921இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) காங்கிரஸ் கமிட்டி கூடியபோது வெங்கையா காந்தியிடம் கொடுத்த கொடியில் இருந்தவை சிவப்பும் பச்சையும். ராட்டை யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளையையும் சேர்க்கச் சொன்னவர் காந்தி. அப்படி உருவானதில் மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. மூன்றின் மேலும் பெரிய ராட்டை. காவி கிடையாது, சக்கரமும் கிடையாது. வெங்கையாவின் பங்கு பெரியதுதான், ஆனால் அவர் கொடுத்தது இன்றைய கொடியை அல்ல.

அவருக்கு முன்பும் கொடிகள் இருந்தன. 1907இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மேடம் காமா விரித்த கொடியில் தாமரைகளும் ‘வந்தே மாதரம்’ என்ற எழுத்தும் இருந்தன. அன்னி பெசன்ட்டும் திலகரும் 1917இல் ஏற்றிய ஹோம் ரூல் கொடியின் மூலையிலோ பிரிட்டனின் யூனியன் ஜாக்! சுயாட்சி கேட்டார்கள், முழு விடுதலை அல்ல. அதனால் அது உறுத்தவில்லை போலும். அப்படியும் கோயம்புத்தூர் மாஜிஸ்திரேட் அந்தக் கொடிக்குத் தடை போட்டார்.

அதிகம் சண்டை நடப்பது நிறங்களை வைத்துத்தான். காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று ஒரு தரப்பு. நிறத்துக்கும் மதத்துக்கும் என்றுமே தொடர்பில்லை என்று இன்னொரு தரப்பு. 1921இல் காந்தி சொன்ன விளக்கம் மத அடிப்படையிலானதே: சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை ஏனைய மதத்தினருக்கு. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. 1931இல் இதை ஆராய ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். கொடி முழுக்கக் காவி, மூலையில் ராட்டை என்று அது பரிந்துரைக்க, காங்கிரஸ் கமிட்டி ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டில் பம்பாயில் கூடி முடிவெடுத்தார்கள்: சிவப்புக்குப் பதில் காவி, அது மேலே, நடுவில் வெள்ளை, அதில் நீல ராட்டை, கீழே பச்சை. நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். காவிக்குத் துணிவும் தியாகமும், வெள்ளைக்கு உண்மையும் அமைதியும் என்ற பள்ளிக்கூட விளக்கம் அன்று பிறந்ததுதான். ஆக, மதம் என்பவர்கள் இன்னும் 1921இலேயே நிற்கிறார்கள். என்றுமே இல்லை என்பவர்கள் அந்தப் பத்தாண்டை விழுங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது, ராட்டையைத் தூக்கிவிட்டுச் சம்பந்தமில்லாத அசோகச் சக்கரத்தை வைத்தார்கள் என்பது. 1947இல் ராஜேந்திர பிரசாத் தலைமையிலான குழு இதை முடிவு செய்தது. ராஜாஜியும் அம்பேத்கரும் அதில் இருந்தார்கள். ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேரு சொன்ன காரணங்களில் ஒன்று வெறும் நடைமுறைச் சிக்கல்: ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் அது இடவலம் மாறித் தெரியும். சக்கரம் மட்டும் என்றால் எந்தப் பக்கமும் ஒன்றுதான். சாரநாத் அசோகத் தூணில் உள்ள சக்கரத்தின் வடிவத்தில் அமையும் நீலச் சக்கரம் ராட்டையைக் குறிக்கும் என்றே தீர்மானம் சொல்கிறது. ஆனாலும் காந்திக்கு மனம் ஒப்பவில்லை. ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்றார்.

24 ஆரங்களுக்கு 24 நற்குணங்கள் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதைத் தீர்மானத்தில் தேட வேண்டாம். ஆரங்களின் எண்ணிக்கைகூட அதில் இல்லை.

நேரு அன்று சபையில் காட்டிய இரண்டு கொடிகளும் கதர்: ஒன்று பட்டு, ஒன்று பருத்தி. கொடி கதரில்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.