பொட்டலச் சோறும் உடற்பருமனும்

உணவு உயிருக்கு ஆதாரம். அளவு அவ்வுணவிற்கு ஆதாரம். வீட்டில் உண்பவன் தன் பசியின் எல்லையைத் தானே அறிந்து, போதும் என்று கையமர்த்துகின்றான். கடையினின்று பொட்டலம் வாங்கி வருபவனுக்கோ அவ்வெல்லையைப் பிறனொருவன் கட்டித் தருகின்றான். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனமின்றி, பசி தணிந்த பின்னும் அவன் உண்டு தீர்க்கின்றான். ஆதலின் உடல் இளைக்க விரும்புவோர் இலையை விரித்த பின் சிந்திப்பதிற் பெரும்பயன் இல்லை. கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டுமுன் சிந்தித்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். இத்தகைய ஊர்களிலிருந்து காலையிற் பேருந்தேறிப் படிக்கவும் வேலை செய்யவும் செல்வோர், இருட்டிய பின் வந்திறங்கி, அடுப்பு மூட்ட நேரமின்றி, இராவுணவைப் பொட்டலமாக வாங்கிச் செல்லுதல் இக்காலத்து இயல்பு. குறைந்த விலையில் வயிற்றை நிறைப்பன யாவை எனின், பரோட்டாவும் சால்னாவும், எண்ணெயிற் பொரித்த போண்டாவும் பஜ்ஜியுமே. ஆகவே இதனை நாவின் ஆசை என்று மட்டும் பழித்தல் நீதியன்று. நேரமின்மையும் பொருட்குறைவும் இதனுட் கலந்துள்ளன.

எனினும் இதன் விளைவு சிறிதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40 பேரும், ஆடவருள் நூற்றுக்கு 37 பேரும் மிகை எடையினர். இந்தியாவில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீட்டரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடல்நிறை எண். இந்தியருக்கு அது 23ஐ எட்டினால் எடை மிகுந்தது என்றும், 25ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் மருத்துவர் கொள்வர்.

இனி, எண்ணெயின் கணக்கைக் காண்போம். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருவன; கொழுப்போ 9 கலோரி தருவது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதனை முழுதும் நடந்து செலவிடும் ஆற்றல் 600 கலோரி அளவினது. அஃதாவது, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய்க்கு ஒரு கிரிவலம் ஈடாம்! நடை நன்றே, ஆயினும் நடையை மட்டும் நம்பி வாயை விடுதல், ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

பொட்டலத்தை நல்வழிப்படுத்தும் முறைகள் ஐந்து.

முதலாவது, சமைத்த விதத்தை நோக்குக. பொரித்ததினும் ஆவியில் வெந்தது நன்று. பூரிக்கும் பரோட்டாவிற்கும் பதிலாக இட்டிலியும் இடியாப்பமும் கொள்ளலாம். தோசையாயின் எண்ணெய் குறைத்து வார்க்கச் சொல்லலாம்.

இரண்டாவது, உடன்வருவதை நோக்குக. எண்ணெய் மிதக்கும் சால்னாவையும் தேங்காய் மிகுந்த சட்டினியையும் சிறிதாகவும், பருப்பும் காயும் உள்ள சாம்பாரை மிகுதியாகவும் கேட்டு வாங்குக.

மூன்றாவது, புரதத்தை விடற்க. வெறுஞ்சோறும் மாவும் விரைவிற் பசியை மீட்டும் எழுப்புவன. சுண்டலோ, அவித்த முட்டையோ, தயிரோ சேரின் பசி நெடுநேரம் அடங்கும். நம் பக்கத்து மக்கள் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையை அவித்து உண்டல் நன்றே. ஆயினும் அதுவும் எண்ணெய் வித்தாதலின் ஒரு கைப்பிடியோடு நிற்க.

நான்காவது, பானத்தை மறவற்க. 250 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை உண்டு. பொட்டலத்தோடு அதனையும் வாங்குதல் இளைக்கும் முயற்சியைக் கெடுக்கும். நீரோ நீர்மோரோ போதும்.

ஐந்தாவது, தூக்கு ஒன்றை உடன்கொண்டு செல்க. சிறிய தூக்குப் பாத்திரத்தில் அது கொள்ளும் அளவே வாங்கலாம். அளவு மீண்டும் நம் கைக்கு வரும். பெரிய பொட்டலமே கிடைக்குமாயின், உண்ணத் தொடங்குமுன்னரே இருவராகப் பகிர்ந்துகொள்க.

பத்தும் அதற்கு மேலும் கிளைகளுடைய உணவகங்கள் கலோரி அளவை உணவுப் பட்டியலில் காட்ட வேண்டும் என்னும் விதி 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. பேருந்து நிலையத்துச் சிறுகடைக்கு அவ்விதி இல்லை. அங்கே வாங்குவோன் அறிவே பட்டியலாதல் வேண்டும். சிறுகடைக்காரரை இகழ்தலும் தகாது. நாம் கேட்பதையே அவர் சமைக்கின்றார். மாலைதோறும் பத்துப் பேர் சுண்டல் கேட்பின், அடுத்த மாலை சுண்டல் மிகுதியாக வேகும்.

பட்டினி கிடந்து ஒரே திங்களில் இளைக்க முயலுதல் கேடு. நாளும் 500 கலோரி குறைப்போர் தொடக்கத்தில் வாரத்திற்கு அரைக் கிலோ அளவிற் குறைவர். பின்னர் அவ்வேகம் தணிதல் இயல்பாதலின் மனந்தளர வேண்டா. நீரிழிவிற்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளின் பெயரைக் கூறாது, உணவின் அளவையே பெரிதும் பேசினமை சிந்திக்கத்தக்கது. விவிலியத்தில் தானியேல் என்னும் இளைஞனும் அவன் தோழரும் பாபிலோன் அரசனின் உணவை ஏற்காது, பத்து நாள் மரக்கறியும் நீருமே கொண்டனர். இளைத்தல் அவர் நோக்கமன்று. பத்து நாள் கழிந்தபின் அவர்கள் ஏனையோரினும் களைபெற்று விளங்கினர் என்றே அவ்வாகமம் கூறும். மெலிவு வேறு, நலம் வேறு. நாம் நாடவேண்டுவது நலமே. அன்றியும், தானியேல் தன் உறுதியைப் பந்தியில் அமர்ந்த பின் செய்துகொள்ளவில்லை. அதற்கு முன்னரே தன் நெஞ்சிற் செய்துகொண்டான். மாணவ நண்பர்காள், நாமும் கடைவாயிலை அடையுமுன்னரே நம் அளவை உறுதிசெய்துகொள்வோமாக.