பழைய தேக்குக்கு ரூட்டரால் ஒட்டுப் போடுவது எப்படி?

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில், 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை நோக்கி நடந்தால் இருபக்கமும் பழம்பொருள் கடைகள்தான். இஸ்ரேல் உருவான பிறகு யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப்போக, மிளகும் ஏலமும் மணந்த தெருவில் இன்று தேக்கு மேஜையும் ஈட்டி நாற்காலியும் பலா அலமாரியும் அடுக்கிக் கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான் வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கடை வெளிச்சத்தில் தெரியாதது வீட்டுக்கு வந்ததும் தெரியும்: மேஜைப் பலகையில் உளுத்த திட்டு, உடைந்த முனை, தேய்ந்து தொங்கும் இழுப்பறை.

பலர் ஓட்டையில் எம்சீலை அடைத்து வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். கொச்சிக் காற்றில் அது நிலைக்காது. ஜூனில் மழை பிடித்தால் மரம் ஈரம் குடித்து ஊதும், ஜனவரியில் சுருங்கும். எம்சீல் இரண்டையும் செய்யாது. விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டு, அதன் வழியே ஈரம் உள்ளே போய், சுற்றியுள்ள நல்ல மரமும் கெடும். அதே இன மரத்தில் ஒட்டு வெட்டிப் பதிப்பதே சரியான வைத்தியம். ஒட்டு உட்கார, அடி சமமாகவும் சுவர் செங்குத்தாகவும் ஒரு குழி வேண்டும். தேர்ந்த ஆசாரி அதை உளியாலேயே எடுத்துவிடுவார். அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ரூட்டர் மெஷின் பெரிய துணை. கெட்ட மரத்தை எடுக்கவும், அந்த இடத்துக்கு ஒட்டு வெட்டவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நூறு வருடக் கைபட்டு மின்னும் மேற்பரப்பில் அதற்கு வேலையே இல்லை.

மரத்தைச் சோதித்தல்

முதலில் எந்த மரம் என்று பாருங்கள். கேரளத்துப் பழைய சாமான்களில் தேக்கு, ஈட்டி, பலா, ஆஞ்சிலி நான்கும் வரும். ஆஞ்சிலியைக் குமரி மாவட்டத்தார் அயனி என்பார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பழைய பாலிஷ் எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கிவிடும். மேஜையைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்து, கேட்டின் எல்லை. கூரான குத்தூசியால் திட்டைச் சுற்றிக் குத்திக்கொண்டே வந்தால், ஊசி மெத்தென்று இறங்கும் இடம் வரை உளுத்திருக்கிறது. வண்டு பெரும்பாலும் தேக்கின் வெள்ளையைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. ஆகவே துளைகள் பலகையின் ஒரு விளிம்பிலேயே கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கீழே காகிதம் விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் இல்லாத பக்கத்தில் ஊறப் பூசி, நன்றாக உலர்ந்த பிறகே மற்ற வேலை. கரையான் என்றால் சாமானை மட்டும் பார்த்துப் பயனில்லை. வீட்டின் தரையையும் சுவரையும் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும்.

பிறகு ஒரு காந்தம் எடுத்து வேலை நடக்கப்போகும் இடமெங்கும் தடவுங்கள். பழைய மேஜைகளில் பட்டறை ஆணிகள் தலை தெரியாமல் புதைந்திருக்கும். நிமிடத்துக்கு 25,000 சுற்று சுற்றும் கார்பைடு பிட் ஆணியில் மோதினால் துண்டு தெறிக்கும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

செதுக்குவேலை உள்ள பாகம், மெல்லிய பலகைத் தோல் ஒட்டிய பரப்பு, தந்தமோ பித்தளையோ பதித்த இடம் ஆகியவற்றில் ரூட்டரை வைக்காதீர்கள். டச்சுக் காலத்துச் சாமான் என்று சந்தேகம் வந்தால் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுவதே முறை.

ஒட்டுக்கு மரம்

புதுத் தேக்கை விடப் பழைய தேக்கு மேல். வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் உத்தரத் துண்டு, ஜன்னல் சட்டம் கிடைக்கும். பழம்பொருள் கடைக்காரரிடமே உடைந்த சாமானின் துண்டைக் கேட்டு வாங்கலாம். ஈட்டிக்கு இது இன்னும் முக்கியம். 2017 முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய துண்டு கைவசம் இருக்கும்போது புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை. பலா மட்டும் புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்படப் பழுக்கும் என்பதால் உடனே சாயம் ஏற்றாமல் சில மாதம் பொறுங்கள்.

வாங்கிய துண்டை, மேஜை இருக்கும் அறையிலேயே சில வாரம் போட்டு வையுங்கள். இரண்டும் ஒரே ஈரத்துக்கு வந்த பிறகு வெட்டினால்தான் பொருத்து நிற்கும்.

குழியும் ஒட்டும்

இந்த வேலைக்குப் பெரிய ரூட்டர் தேவையில்லை. ஒரு கையில் அடங்கும் டிரிம்மர் போதும். மேலிருந்து செங்குத்தாக இறக்கும் பிளஞ்ச் அடிப்பாகம் அதற்கு இருந்தால் நல்லது. கூடவே ஒரு இன்லே செட் வாங்குங்கள்: கைடு புஷ், அதன்மேல் மாட்டிக் கழற்றும் வளையம், 3.2 மில்லிமீட்டர் பிட். சூட்சுமம் வளையத்தில்தான் இருக்கிறது. அதன் சுவர்க் கனம் பிட்டின் விட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஒட்டின் வடிவில் திறப்பு வெட்டிய அச்சுப்பலகையின் உள்விளிம்பை ஒட்டி வளையத்தோடு ஓட்டினால் குழி விழும். வளையத்தைக் கழற்றி அதே அச்சில் ஓட்டினால் அந்தக் குழிக்குள் அப்படியே உட்காரும் ஒட்டு விழும்.

அச்சை 9 அல்லது 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் வெட்டிக்கொள்ளுங்கள். கைடு புஷ் அச்சின் கனத்தை விட அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வடிவம் சதுரம் வேண்டாம். ரேகைக்குக் குறுக்கே போகும் கோடு எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் கண்ணில் உறுத்தும். ரேகையோடு நீளும் வள்ளம் போன்ற வடிவம் மரத்தில் கரைந்துவிடும். உள்மூலைகள் வளையத்தின் வளைவை விடக் கூராக இருந்தால் வளையம் அங்கே நுழையாது, ஆகவே மூலைகளை உருட்டிவிடுங்கள். திறப்பின் அகலம் ரூட்டர் அடித்தட்டை விடக் குறைவாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுவில் மெஷின் சாய்ந்து அடியைக் குடைந்துவிடும்.

அச்சை மேஜைமேல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பாலிஷ் நசுங்காமல் இடையில் துணி வையுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அவசியம். தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் பலருக்கு மூச்சிரைப்பையும் தோல் அரிப்பையும் தரும். நல்ல முகமூடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஒரே இறக்கத்தில் முழு ஆழமும் எடுக்கக் கூடாது. மெல்லிய பிட் என்பதால் ஒரு முறைக்கு 2 மில்லிமீட்டர் போதும். மூன்று முறையில் 6 மில்லிமீட்டர். அச்சின் உள்ளே ஓட்டும்போது மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் போங்கள். பிட்டின் சுழற்சிக்கு எதிராகப் போவதால் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடாது. முதலில் விளிம்பைச் சுற்றிவிட்டு, பிறகு நடுவை வழித்தெடுங்கள். தேக்கில் மணற்சத்து உண்டு, பிட் சீக்கிரம் மழுங்கும். கருகிய வாசனை வந்தால் நிறுத்தி பிட்டை மாற்றுங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழும் உளுத்திருந்தால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய அரால்டைட் ஊற்றி இறுக விடலாம். கண்ணுக்குத் தெரியாத அடியில் அது பரவாயில்லை.

இப்போது ஒட்டு. குழியில் கை சற்று உள்ளே நழுவினால் நஷ்டமில்லை, நடுவெல்லாம் கழிவுதானே. ஒட்டு வெட்டும்போது நிலைமை தலைகீழ். புஷ் அச்சின் விளிம்பை ஒரு நொடி விட்டு விலகினாலும் பிட் ஒட்டையே கீறிவிடும். அதனால் வளையத்தைக் கழற்றி, ரேகை மேஜையின் ரேகையோடு ஒரே திசையில் வருமாறு துண்டை வைத்து, முதல் சுற்று அரை மில்லிமீட்டர் மட்டும் இறக்கிக் கோடு போடுங்கள். பிறகு மெதுவாக 7 மில்லிமீட்டர் வரை போங்கள். விளிம்பை அழுத்தியே போக வேண்டும், அவசரமே கூடாது. மெஷினை நிறுத்தி, பிட் முழுதும் நின்ற பிறகே தூக்குங்கள். கடைசியில் துண்டைப் பக்கவாட்டில் ரம்பத்தால் அறுத்தால் ஒட்டு தனியே வந்துவிடும்.

ஒட்டுதலும் சமன்செய்தலும்

பழைய சாமான்களில் ஆசாரிகள் போட்டது மிருக எலும்பு, தோலில் காய்ச்சிய வஜ்ஜிரம். அதன் மிச்சத்தின்மேல் ஃபெவிகால் பிடிக்காது. இருந்தால் வெந்நீர்த் துணியால் துடைத்து உலரவிடுங்கள். தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப்பசை மரங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் இரு பரப்பையும் துடைத்தால்தான் பசை கவ்வும். கொச்சிக்கு ஃபெவிகால் மரைன் நல்ல தேர்வு. குழியின் சுவரிலும் அடியிலும் மெல்லியதாகப் பூசி, ஒட்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கட்டை, கிளாம்ப். மழைக்காலத்தில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

ஒட்டு சுமார் ஒரு மில்லிமீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கூர்மையான இழைப்புளியால் இறக்குங்கள். மேஜைப் பரப்பை நெருங்கும்போது சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டி, பிளேடு போன்ற ஸ்கிரேப்பருக்கு மாறுங்கள். உப்புக்காகிதம் போட்டு மேஜை முழுவதையும் தேய்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மேஜையின் வயதும் அழகும் அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. போனால் எந்தக் கடையிலும் திரும்பக் கிடைக்காது.

பாலிஷுக்கு முன் மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ்தான். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தால் ஒட்டின்மேல் மட்டும் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால் பழைய பூச்சோடு கலந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் வெண்படலம் படரும். மழை விட்டு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

முனையும் இழுப்பறையும்

உடைந்த முனைக்கு அச்சு வேண்டியதில்லை. நேரான கட்டையை வேலியாகக் கிளாம்ப் போட்டு, ஸ்ட்ரெய்ட் பிட்டால் உடைவைச் சுத்தமான படியாக்கி, பெரிதாக ஒரு துண்டை ஒட்டி, பிறகு முனையின் வடிவுக்கு இழையுங்கள். பழைய விளிம்பின் வளைவுகளைக் கடையில் விற்கும் பிட் எதுவும் துல்லியமாகத் தராது. அதை உளியும் அரமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுப்பறை தொங்குவதற்குப் பெரும்பாலும் பக்கப்பலகையின் கீழ்விளிம்பு பின்பக்கம் அதிகமாகவும் முன்பக்கம் குறைவாகவும் தேய்ந்திருப்பதே காரணம். இழுப்பறையைக் கவிழ்த்து, தேய்ந்த விளிம்புக்கு மேலே சமமாக ஒரு வேலிக்கட்டை கட்டி, ரூட்டரால் சீவினால் விளிம்பு நேராகும். எடுத்த அளவுக்கும் தேய்ந்த அளவுக்கும் சேர்த்துத் தேக்குப் பட்டை ஒட்டுங்கள். இழுப்பறை ஓடும் சட்டத்திலும் பள்ளம் விழுந்திருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் இன்னொன்று புதிய பட்டையைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் இருபக்கமும் ஒரு மில்லிமீட்டர் தளர்வு விட்டு, உராயும் இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.