கண்ணாடி விளக்கும் கடிதக் கட்டும்

தட்டான் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் இறகு மெல்லிய கண்ணாடி போல இருக்கும். அந்த இறகைக் கண்ணாடியிலேயே செய்தால் எப்படி இருக்கும்? அதன் பின்னால் ஒரு விளக்கும் எரிந்தால்?

அப்படி ஒரு விளக்கை உண்மையிலேயே செய்தார்கள். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் செய்தார்கள். அந்த விளக்குக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இந்த வகை விளக்குகளில் ஒரு பெயர் பொறித்திருக்கும். டிஃபனி ஸ்டுடியோஸ் என்ற பெயர். அது கம்பெனியின் பெயர். தட்டான் விளக்கை முதலில் மனதில் கண்டு, வரைந்து கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை.

அந்தப் பெயர் வெளியே வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதை வெளியே கொண்டு வந்தவை சில பழைய கடிதங்கள்.

இயந்திரமும் கையும்

முதலில் அந்தக் காலத்தைத் தெரிந்து கொள்வோம். இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. நாற்காலி, துணி, விளக்கு எல்லாம் இயந்திரத்தில் வந்தன. விலை குறைந்தது. ஆனால் பொருள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. தொழிலாளி இயந்திரத்துக்குக் கைகொடுப்பவன் ஆனான். செய்யும் வேலையில் அவனுக்கு மகிழ்ச்சி இல்லை.

இதைச் சிலர் எதிர்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் வில்லியம் மாரிஸ். வாழ்ந்த காலம் 1834 முதல் 1896 வரை. வீட்டில் உள்ள பொருள் பயனுள்ளதாக இருக்க வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். கைவேலை செய்பவருக்கு மதிப்பு வேண்டும் என்றார். இப்படிப் பிறந்ததுதான் கலை–கைவினை இயக்கம். பூ, இலை, கொடி, பறவை ஆகியவற்றைப் பார்த்து அதன் கலைஞர்கள் வடிவம் எடுத்தார்கள்.

இந்த இயக்கம் அமெரிக்காவுக்கும் பரவியது. அங்கே டர்க் வான் எர்ப் என்ற கொல்லர் செம்பைச் சுத்தியலால் தட்டி விளக்குகள் செய்தார். அவற்றுக்குக் காக்காப்பொன் தகட்டால் மேல்மூடி போட்டார். சுத்தியல் பட்ட குழிகளை அவர் மறைக்கவில்லை. அவையே அழகு என்று விட்டு வைத்தார்.

நியூயார்க்கில் லூயி டிஃபனி என்பவர் கண்ணாடியை எடுத்துக் கொண்டார். கண்ணாடியின் மேல் சாயம் பூச அவருக்கு விருப்பம் இல்லை. கண்ணாடி உருகி இருக்கும்போதே அதில் நிறங்களைக் கலந்தார்கள். அதனால் ஒரே தகட்டில் பச்சை மெல்ல நீலமாக மாறும். மஞ்சளில் சிவப்பு ஓடும். இந்தக் கண்ணாடியில் முதலில் ஜன்னல்கள் செய்தார்கள். பிறகு விளக்கின் மேல்மூடிகளும் செய்தார்கள்.

வெறும் பல்பு கண்ணைக் கூசும். நிறக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் கூசாது.

ஒரு மேல்மூடி உருவாகும் விதம்

மேல்மூடியைப் பார்த்தால் ஒரே கண்ணாடி போலத் தெரியும். உண்மையில் அது நூற்றுக்கணக்கான துண்டுகள் சேர்ந்தது.

முதலில் படம் வரைவார்கள். பிறகு மரத்தில் ஓர் அச்சு செய்வார்கள். அச்சின் மேல் படத்தை வரைந்து கொள்வார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அளவுத்தகடு உண்டு. தையற்காரர் காகிதத்தில் அளவு வெட்டி வைப்பது போலத்தான்.

அடுத்த வேலைதான் கடினம். பெரிய கண்ணாடித் தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த இதழுக்குத் தகட்டின் எந்தப் பகுதி பொருந்தும்? நிழல் விழும் இலைக்கு எது? இதற்கு அளவுகோல் கிடையாது. கண்தான் அளவுகோல். ஒரே படத்தை வைத்துப் பத்து விளக்கு செய்தாலும் பத்தும் பத்து விதமாக இருக்கும்.

பிறகு துண்டுகளை வெட்டுவார்கள். ஓரத்தைச் சுற்றி மெல்லிய செம்புத் தகட்டை நாடா போல ஒட்டுவார்கள். துண்டுகளை அச்சின் மேல் அடுக்கி, ஈயக் கலவையால் பற்ற வைப்பார்கள்.

விஸ்டீரியா என்று ஒரு கொடி உண்டு. அதன் பூ நம் சரக்கொன்றை போலச் சரம் சரமாகத் தொங்கும். நிறம் மட்டும் ஊதா. அந்தப் பூவைப் போல ஒரு விளக்கு செய்தார்கள். ஒரு மேல்மூடிக்கு ஏறக்குறைய 2000 கண்ணாடித் துண்டுகள்! சில துண்டுகள் விரல் நகம் அளவுதான்.

கிளாரா டிரிஸ்கால்

தட்டான் விளக்கையும் விஸ்டீரியா விளக்கையும் உருவாக்கியவர் ஒரு பெண். பெயர் கிளாரா டிரிஸ்கால்.

கிளாரா 1861இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். தாயும் தங்கைகளும் இருந்தார்கள். கிளாரா படம் வரையப் படித்தார். 1888இல் நியூயார்க் வந்தார். டிஃபனி கம்பெனியில் வேலை கிடைத்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கல்யாணம் ஆன பெண் வேலையில் இருக்கக் கூடாது. ஆணுக்கு அந்த விதி இல்லை. 1889இல் கிளாராவுக்குக் கல்யாணம் ஆனது. வேலை போயிற்று. 1892இல் கணவர் இறந்தார். கிளாரா மீண்டும் வேலைக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் கண்ணாடி வெட்டும் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். சிகாகோவில் 1893இல் நடக்க இருந்த உலகக் கண்காட்சிக்கு வேலை முடிய வேண்டும். டிஃபனி பெண்களை வைத்துக் கண்ணாடி வெட்டும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். முதலில் ஆறு பெண்கள் இருந்தார்கள். 1894இல் 35 பேர் ஆனார்கள். கிளாரா அந்தப் பிரிவின் தலைவி. நிறம் அறிவதில் பெண்கள் கெட்டிக்காரர்கள் என்று டிஃபனியே சொன்னார். ஆனால் விற்பனைக்குப் போன விளக்குகளில் அவர்கள் யார் பெயரும் இல்லை. கைவேலைக்காரரை மதிக்கச் சொன்ன ஓர் இயக்கத்தின் காலத்திலேயே இப்படி நடந்தது.

ஆண்களின் சங்கத்தில் பெண்களைச் சேர்க்கவில்லை. 1903இல் அந்தச் சங்கம் பெண்கள் பிரிவையே மூடச் சொன்னது. தங்கள் பிழைப்பு போய்விடுமோ என்று ஆண்கள் பயந்தார்கள். பெண்களுக்கும் அது பிழைப்புதானே! கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. பிரிவு இருக்கலாம், ஆனால் 27 பெண்களுக்கு மேல் கூடாது என்று முடிவானது. பிரிவு பிழைத்தது.

கிளாரா 1909இல் மறுமணம் செய்தார். பழைய விதிப்படி வேலையை விட்டார். 1944இல் இறந்தார்.

சுற்றி வந்த கடிதங்கள்

கிளாராவின் தாயும் தங்கைகளும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். தொலைபேசியில் பேசும் வழக்கம் வரவில்லை. அவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் எழுதிய கடிதம் அடுத்தவருக்குப் போகும். அவர் தன் கடிதத்தையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். இப்படிக் கடிதக் கட்டு குடும்பத்தைச் சுற்றி வரும்.

கிளாரா வேலை முடிந்து வந்து எழுதுவார். தங்கிய விடுதியைப் பற்றி எழுதுவார். சைக்கிள் ஓட்டியதை எழுதுவார். அன்று செய்த விளக்கைப் பற்றியும் எழுதுவார். ஊருக்குச் சொல்ல அல்ல, அம்மாவுக்குச் சொல்ல எழுதினார்.

பிறகு இந்த விளக்குகளுக்கு மவுசு போயிற்று. பழைய சாமான் என்று ஒதுக்கினார்கள். 1935இல் ஒருவர் நியூயார்க்கில் பழைய பொருள் கடை ஒன்றில் ஒரு டிஃபனி விளக்கை வாங்கினார். விலை பன்னிரண்டரை டாலர்தான். அவர் தொடர்ந்து வாங்கிச் சேர்த்தார். பின்னால் விலை ஏறியது. சில விளக்குகள் பல லட்சம் டாலருக்குப் போயின. எல்லாவற்றையும் டிஃபனியே உருவாக்கினார் என்றுதான் மக்கள் நம்பினார்கள்.

கடிதக் கட்டுகளோ அழியாமல் இருந்தன. ஒரு பகுதி ஒகையோவில் உள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. மற்றொரு பகுதி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி வரலாற்றுச் சங்கத்தில் இருந்தது. 2005 வாக்கில் மார்ட்டின் ஐடல்பெர்க், நினா கிரே என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் படித்தார்கள். தட்டான் விளக்கு யாருடையது என்று அதில் இருந்தது. 30க்கும் மேற்பட்ட விளக்குகள் கிளாராவின் படைப்புகள் என்று இன்று கருதுகிறார்கள்.

2007இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. அதில் விளக்குகளை வைத்தார்கள். அவற்றோடு கிளாராவின் பெயரையும், அவருடன் வேலை செய்த பெண்களின் பெயரையும் வைத்தார்கள்.

எழுதிப் பாருங்கள்

1. மேல்மூடிக்குக் கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

2. 1903இல் பெண்கள் பிரிவுக்கு என்ன ஆபத்து வந்தது? ஆண்கள் கேட்டது சரியா? கூடிப் பேசுங்கள்.

3. உங்கள் வீட்டில் கையால் செய்த ஒரு பொருளை எடுங்கள். பாய், கூடை, பானை, எதுவானாலும் சரி. அதைச் செய்தவர் யார்? தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அவர் பெயரையும் அவர் செய்த விதத்தையும் உறவினர் ஒருவருக்குக் கடிதமாக எழுதுங்கள். தேதி போட மறக்க வேண்டாம்.